சம்மனசு வந்துபோன இடங்கள்

நாசரேத்தில், இயேசுவைப் பெறுவாய் என்று மரியாவிடம் சேதி சொன்ன கபிரியேல் சம்மனசுக்கு, அதாவது வானதூதருக்கு, இரண்டு விலாசங்கள். கத்தோலிக்கர் ஒன்றைக் காட்டுவார்கள், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையார் இன்னொன்றை. கடைவீதி வழியாக நடந்தே இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் மங்கள வார்த்தைப் பேராலயத்துக்குப் போனோம். ஜொவானி மூட்சியோ என்ற இத்தாலியர் வடிவமைத்தது, 1969-இல் அர்ச்சிக்கப்பட்டது. வெளியே இருந்து பார்த்தால் புதுக்காலத்துக் கட்டடம்தான். கீழ்த்தளத்தில் இறங்கினால் ஒரு சின்னக் குகை. மாதாவின் வீடு இதுதான் என்பது மரபு. 'வார்த்தை இங்கே மனுவுருவானார்' என்று பீடத்தில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று மூவேளை செபம் சொன்னோம். "ஆண்டவருடைய தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்" என்பதை ஊரில் மணி அடித்ததும் மனசு எங்கோ இருக்க வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே ஒவ்வொரு சொல்லும் எடுத்துவைத்து வந்தது. பக்கத்தில் ஒரு போலந்துக் குழுவும் அதையே அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆர்த்தடாக்ஸ் கோவில் ஓர் ஊற்றை ஒட்டி நிற்கிறது. உள்ளே படியிறங்கினால் வளைவுக் கூரை போட்ட குறுகிய அறை, அடியில் தண்ணீர். யாக்கோபின் முதல் நற்செய்தி என்று ஒரு பழைய நூல் உண்டு. விவிலியத்தில் சேராதது. மரியா குடத்தோடு தண்ணீர் எடுக்கப் போனபோது ஒரு குரல் வாழ்த்தியது என்றும், திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றும், நடுங்கிப்போய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தூதர் எதிரே நின்றார் என்றும் அது சொல்கிறது. அப்படியானால் இரண்டு விலாசமும் சரி. எனக்கு அந்தக் கதை பிடித்துத்தான் இருக்கிறது. ஒரு சின்னப் பெண் தண்ணீர்த் துறையில் திடுக்கிடுவதை நம்ப முடிகிறது.

ஆனால் என்னை அங்கே நிறுத்திவைத்தது லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தின் 38-ஆம் வசனம். "நான் ஆண்டவரின் அடிமை" என்று மரியா சம்மதம் சொல்கிறார். அடுத்த வரியிலேயே "வானதூதர் அவரை விட்டு அகன்றார்." அவ்வளவுதான். மணம் பேசியிருந்த யோசேப்பிடம் எப்படிச் சொல்வது, ஊர் வாயை எப்படி அடைப்பது, பிரசவத்துக்கு யார் துணை என்று எதற்கும் அவர் இருக்கவில்லை. யோசேப்புக்குத் தனியாக ஒரு கனவு வந்தது, சரி. அந்தக் கனவு வரும்வரை அந்தப் பெண் தனியாகத்தான் சுமந்திருக்க வேண்டும். அதன்பிறகு பயணம் முழுக்க நான் இதையே கவனித்துக்கொண்டு போனேன்: சம்மனசு எங்கே வந்தது என்பதைவிட எப்போது கிளம்பியது என்பதை.

பெத்லகேமுக்குப் பெரிய மதிலைத் தாண்டிப் போகவேண்டும். பெத்லகேமை ஒட்டிய பேத் சாகூரில், இயேசு பிறந்த சேதியைத் தூதர் இடையருக்குச் சொன்ன இடையர் வயல். அந்தோனியோ பர்லூசி கட்டிய சிற்றாலயம், 1950-களைச் சேர்ந்தது, கூடார வடிவில் நிற்கிறது. கும்மட்டத்தில் கண்ணாடி பதித்த துளைகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது. "உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை" பாடினோம். நாங்கள் சுமாராகத்தான் பாடுவோம். அந்தக் கும்மட்டம் அதையும் நல்ல பாட்டாக்கிக் கொடுத்தது.

வெளியே வந்ததும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் கேட்டார்: "ஆட்டுக்காரங்க ஏன் ஃபாதர் அப்படிப் பயந்தாங்க? றெக்கையப் பாத்தா?"

"லூக்கா றெக்கையைப் பத்தி ஒண்ணுமே எழுதலையேம்மா. ஆண்டவரோட ஒளி சுத்திலும் வீசிச்சு, அதான் பயம்" என்றார் ஃபாதர்.

பெரியம்மாவுக்குத் திருப்தியில்லை. ஊர்க் கோவிலில் மிக்கேல் சம்மனசு றெக்கையும் வாளுமாகத்தானே நிற்கிறார். ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்து ஃபாதர் விளக்கினார். எசாயா கண்ட செராபீன்களுக்கு ஆறு இறக்கை. எசேக்கியேல் கண்ட கெருபுகளுக்கு நான்கு இறக்கை, நான்கு முகம். இவர்களெல்லாம் கடவுளின் அரியணையை ஒட்டி நிற்பவர்கள். சேதி கொண்டு மனிதரிடம் வருபவர்களோ பெரும்பாலும் பார்க்க மனிதரைப் போலத்தான் இருக்கிறார்கள். மம்ரேயில் வெயில் நேரத்தில் வந்த மூன்று பேருக்கு ஆபிரகாம் கால் கழுவத் தண்ணீரும் கன்றுக்கறியும் தயிரும் பாலும் கொடுத்தார், வழிப்போக்கருக்குக் கொடுப்பது போலவே. அதை மனதில் வைத்துத்தான் எபிரேயர் மடல், அந்நியரை உபசரிக்க மறக்காதீர்கள், சிலர் அறியாமலே வானதூதரை உபசரித்திருக்கிறார்கள் என்கிறது.

குழுவில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு புராட்டஸ்டண்டு நண்பரும் வந்திருந்தார். "தேவதூதரிடம் செபிக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம்" என்றார். நியாயமான தயக்கம்தான். திருவெளிப்பாட்டில் யோவான் இரண்டு முறை தூதரின் காலில் விழப்போகிறார். இரண்டு முறையும் "வேண்டாம், நானும் உன்னைப் போல் ஒரு பணியாளனே, கடவுளைத் தொழு" என்ற கருத்தில்தான் பதில் வருகிறது. படுக்கப் போகும்போது காவல் சம்மனசிடம் சொல்லும் செபம் ஆராதனை இல்லை, துணைக்குக் கூப்பிடுவது என்று நாங்கள் சொன்னோம். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் என் கணக்கை அவரிடம் சொன்னேன். எல்லாச் சம்மனசும் பாதியிலேயே போய்விடுகிறது. இடையரிடம் பாடிவிட்டு விண்ணகம் போய்விட்டது. பெத்லகேமுக்கு இருட்டில் அவர்களேதான் வழி தேடினார்கள். பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்த தூதர் ஒரு தெரு தாண்டியதுமே மறைந்துவிட்டார். தோபித்து நூலில் வரும் ரபேல் தூதர் ஒருவர்தான் விதிவிலக்கு. தோபியா என்ற இளைஞனோடு போகவர முழுப் பயணமும் கூடவே நடந்தார், நாய்க்குட்டியும் பின்னால் வந்தது. "எங்கள் பைபிளில் தோபித்து இல்லையே" என்று நண்பர் சிரித்தார். ரபேலும் கடைசியில் தான் யார் என்று சொன்ன கையோடு மறைந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

எருசலேமில் பெத்சதா குளத்தைச் சீக்கிரம் பார்த்துவிட்டோம். புனித அன்னம்மாள் ஆலயத்தை ஒட்டி ஆழமான இடிபாடுகள். தூதர் தண்ணீரைக் கலக்கியதும் முதலில் இறங்குபவர் குணமாவார் என்ற யோவான் நற்செய்தி வசனம் மிகப் பழைய பிரதிகளில் கிடையாது. ஆனால் முப்பத்தெட்டு ஆண்டு நோயாளி ஒருவர் அங்கே கிடந்தார் என்பதும், தன்னை இறக்கிவிட ஆளில்லை என்று அவர் சொன்னதும் எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறது. இயேசு அவரைத் தண்ணீர்ப் பக்கமே போகவிடாமல் குணமாக்கினார்.

இயேசு பிடிபடுமுன் செபித்த கெத்சமனியில்தான் அதிக நேரம் இருந்தேன். அங்குள்ள ஆலயமும் பர்லூசி கட்டியது, 1924-இல். வேண்டுமென்றே இருட்டாகக் கட்டியிருக்கிறார். ஊதா நிறச் சன்னல்கள், பீடத்துக்கு முன்னால் வெறும் பாறை. இயேசு இரத்த வியர்வை சிந்திய இடத்தில் ஒரு வானதூதர் தோன்றி அவரைத் திடப்படுத்தினார் என்று லூக்கா மட்டும் எழுதுகிறார். வீட்டில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தூதர் வந்தவுடன் வேதனை தணிந்தது என்றே நினைத்திருந்தேன். பாறைக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தபோது வரிசை வேறாக இருந்தது. தூதர் வருகிறார். அதற்குப் பிறகுதான் அவர் இன்னும் வேதனையோடு, இன்னும் உருக்கமாக செபிக்கிறார். அதற்குப் பிறகுதான் வியர்வை இரத்தத் துளிகளாக விழுகிறது. அகற்றும்படி இயேசு வேண்டிய துன்பக் கிண்ணத்தைத் தூதர் எடுத்துக்கொண்டு போகவில்லை. குடிப்பதற்கான தெம்பைத்தான் கொண்டுவந்தார். அதே இரவில், தந்தையைக் கேட்டால் பன்னிரண்டு லேகியோனுக்கும் மேலான தூதரை அனுப்பமாட்டாரா என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். ஒரு லேகியோன் என்பது ஐயாயிரம், ஆறாயிரம் வீரர். அவ்வளவு பேரையும் கூப்பிடாமல் விட்டவருக்கு வந்தது ஒரே ஒருவர். உடம்பு முடியாமல் கிடந்தவர்களுக்காக நான் வேண்டி, நான் கேட்டபடி நடக்காமல் போனவை நினைவுக்கு வந்தன. அவற்றை அந்தப் பாறைமேல் வைத்துவிட்டு வர மனமில்லை, எடுத்துக்கொண்டேதான் எழுந்தேன்.

இயேசுவின் கல்லறைக் கோவிலில் நீண்ட வரிசை. கல்லறை மேலுள்ள சிறு கட்டடம் 1808-இல் நடந்த தீவிபத்துக்குப் பிறகு, 1810-இல் மறுபடி எழுப்பப்பட்டது. 2017-இல் பழுதுபார்த்து முடித்தார்கள். அதற்குள் இரண்டு அறைகள். வெளியறைக்குப் பெயரே வானதூதர் சிற்றாலயம். தூதர் புரட்டிய கல்லின் துண்டு என்று நம்பப்படுவதை நடுவே ஒரு மேடையில் பதித்திருக்கிறார்கள். மத்தேயு சொல்லும் தூதர் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். மாற்கில் வெண்ணாடை அணிந்த இளைஞர். லூக்காவில் இரண்டு ஆண்கள். யோவானில் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பேழையின் மூடிமேல் இரு முனையிலும் கெருபுகள் இருந்ததையே யோவான் நினைவுபடுத்துகிறார் என்று ஃபாதர் வரிசையில் நின்றபடி சொன்னார்.

குனிந்துதான் உள்ளறைக்குள் நுழையமுடியும். சலவைக்கல்லில் நெற்றியை வைத்தேன். என்ன வேண்டுவது என்று யோசிப்பதற்குள் வாசலில் நின்ற துறவி கையைத் தட்டி, கிளம்புங்கள் என்று சைகை காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இதற்குத்தானா?

வெளியே வந்து பெரியம்மாவிடம் புலம்பினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு வந்த பொம்பளைங்களயும் அந்தச் சம்மனசு என்ன, உக்காருங்கன்னா சொல்லிச்சு? அவர் இங்க இல்ல, சீக்கிரமாப் போயி சொல்லுங்கன்னுதானய்யா வெரட்டிச்சு. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."