நோய்க்கால நிதியைத் தீபாவளிக்குப் பங்கு போடாதீர்கள்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். நடவு நேரத்தில் காய்ச்சலில் எட்டு நாள் படுத்தால் போகிற கூலியைத் தராது. திருவாரூர், நாகைப் பக்கத்து ஊர்களில் கூடிச் சேர்க்கிற நோய்க்கால நிதி அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு. 100 பேர், ஆளுக்கு ஆண்டுச் சந்தா 480 ரூபாய், வரவு 48,000. படுத்த முதல் மூன்று நாளுக்கு எதுவும் கிடையாது. நான்காம் நாளிலிருந்து நாளுக்கு 200 ரூபாய், ஆண்டுக்கு 20 நாள் வரை. சராசரியாக ஆளுக்கு 2 நாள் கொடுக்க நேர்ந்தால் 40,000 போகும், 8,000 மிஞ்சும். வினை இந்த எட்டாயிரத்தில்தான் தொடங்குகிறது. "சும்மாதானே கிடக்கு, தீபாவளிக்கு ஆளுக்கு எண்பது பிரிச்சுக்கலாமே" என்று ஒருவர் எழுந்து சொல்வார், கைதட்டும் கிடைக்கும்.

பிரித்தால் மறுவருஷம் புதுக்கணக்கு. சர்க்கரை, முதுகுவலி என்று அடிக்கடி படுப்பவரைச் சத்தமில்லாமல் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். இங்கிலாந்தில் இதுபோல நோய்க்கால நிதி சேர்த்து, மிச்சத்தைக் கிறிஸ்துமஸுக்குப் பங்கு பிரித்த சங்கங்களிலும் இதே கதைதான்.

பிரிக்காவிட்டாலும் வயது விடாது. அதே 100 பேர் சேர்ந்து மூப்படைகிறார்கள். சராசரி 3 நாளானால் செலவு 60,000, துண்டு 12,000. அப்போது எல்லோருக்கும் சந்தாவை ஏற்றினால் முதலில் கழன்றுகொள்வது இளவட்டம். நோயில் உறுப்பினர்களுக்கு உதவிய இங்கிலாந்தின் மான்செஸ்டர் யூனிட்டி ஆட்ஃபெல்லோஸ் சங்கத்துக்கும் இந்தச் சிக்கல் வந்தது. அதன் செயலாளர் ஹென்றி ராட்கிளிஃப், எந்த வயதில் எத்தனை நாள் நோய் என்று உறுப்பினர் பதிவுகளிலிருந்தே கணக்கிட்டு 1850-இல் வெளியிட்டார். பிறகு சேரும் வயதுக்கேற்ற சந்தா வந்தது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. நம் ஊருக்கு மூன்று படி போதும்: 30 வயதுக்குள் சேர்ந்தால் 400, 45-க்குள் 550, அதற்கு மேல் 750. சேர்ந்தபின் வயதைக் காட்டி ஏற்றக்கூடாது.

வசூலை மாதாமாதம் வைத்தால் பங்குனி, சித்திரையில் பாக்கி விழும். சம்பா அறுவடை முடிந்த மாசியில் பெரும்பங்கு, குறுவை நெல் விற்றதும் மீதி. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத வருஷம் இரண்டாம் தவணையை நம்ப முடியாது. ஆகவே ஐந்தில் மூன்று பங்கை மாசியிலேயே வாங்கிவிடுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதுபோல ஒன்று வந்தால் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் கை நீட்டும். ஒற்றை ஊர் நிதி தாங்காது. வசூலில் பத்தில் ஒரு பங்கைக் கும்பகோணம் பக்கத்து ஊர்களோடு சேர்ந்த பொதுநிதியில் போடுங்கள். கையிருப்பு 10,000-க்குக் கீழே போனால் நாள்தொகை 120 என்று முன்கூட்டியே தீர்மான நோட்டில் எழுதிவையுங்கள். மழையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் சண்டைதான்.

இந்தப் பணத்தை வட்டிக்கு விடாதீர்கள். கூட்டுறவு வங்கியில் மூவர் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். அதற்கு உரிமம் வேண்டும். படுத்தவரைப் பார்த்துவர வேறு தெருவிலிருந்து இருவர் போகட்டும், பங்காளியோ மச்சானோ வேண்டாம்.