மான் நகராத டைம்லைன்: கிளவுடில் வைத்து எடிட் பண்ணித் தேர்வுக்குப் போன கதை

எடிட்டிங் கோர்ஸின் இறுதிச் செயல்முறைத் தேர்வுக்கு நாங்கள் இரண்டு பேரும் எடுத்த தலைப்பு, திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியிலேயே நிற்கும், தேடி அலையத் தேவையில்லை. 4கே-யில் 80 நிமிடம் எடுத்தோம். நான் உப்புவெளி, கூடப் படித்த தங்கச்சி மூதூர். ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க் வாங்கக் காசில்லை என்று கூகுள் டிரைவில் 100 ஜிபி எடுத்து எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம்.

டிரைவை லேப்டொப்பில் போட்டால் ஃபைல் எல்லாம் உள்ளே இருப்பது போலத்தான் தெரியும். ‘ஸ்ட்ரீம்’ முறையில் உண்மையில் இருப்பது பெயர் மட்டும்தான்; திறக்கும்போதுதான் இறங்கும். எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசோல்வில் இழுத்துப் போட்டேன். மான் தலையைத் தூக்கியது, அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’. லேப்டொப்பில்தான் பிழை என்று நினைத்து, அதன் விசிறியைக்கூடக் கழற்றித் துடைத்தேன்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். எங்கள் கமரா செக்கனுக்கு 100 மெகாபிட் பதிகிறது. எட்டால் பிரித்தால் 12.5 மெகாபைட். ஒரு நிமிடம் 750 எம்பி, 80 நிமிடம் 60 ஜிபி. வீட்டு லைனில் நல்ல நேரத்திலேயே 20 மெகாபிட்தான் வரும். ஒரு செக்கன் படம் இறங்க ஐந்து செக்கன். மான் எப்படி நகரும்? பிட்டையும் பைட்டையும் குழப்பாமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள், எழுத்துத் தாளிலும் உதவும்.

வழி, பிராக்ஸிதான்: எடிட் பண்ணும்போது ஒரிஜினலுக்குப் பதிலாக ஓடும் சின்னப் பிரதி. மெமரி கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். புரொஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்ஸி அளவைக் கால் பங்காக வைத்தால் 3840×2160 படம் 960×540 ஆகிவிடும். கிளிப்களைத் தெரிவு செய்து, ரைட் கிளிக், ‘ஜெனரேட் பிராக்ஸி மீடியா’. எங்களுக்கு எல்லாம் சேர்ந்து 4 ஜிபிக்குள் வந்தது. அந்த ஃபோல்டரை மட்டும் டிரைவில் ‘அவெய்லபிள் ஆஃப்லைன்’ ஆக்கினோம். பிளேபேக் மெனுவில் ‘பிரிஃபர் பிராக்ஸிஸ்’ கொடுத்ததும் மூதூரில் தங்கச்சியின் பழைய லேப்டொப்பிலும் மான் ஓடியது. ஒரிஜினல்கள் இரவு டேட்டாவில் ஆறுதலாக ஏறட்டும், அவசரமில்லை.

நான் செய்த இன்னொரு மடத்தனம்: ரிசோல்வ் தற்காலிக ஃபைல்களைப் போட்டுவைக்கும் கேச் ஃபோல்டரையும் டிரைவுக்குள்ளேயே வைத்திருந்தேன். எஃபெக்ட் ஒன்றைத் தொட்டால் புதுக் கேச் உருவாகும், டிரைவ் உடனே அதை மேலே ஏற்றத் தொடங்கும். இரண்டு இரவு டேட்டா அப்படியே போனது. கேச் எப்போதும் லேப்டொப்பின் சொந்த டிஸ்கில், முடிந்தால் எஸ்எஸ்டியில்.

புரொஜெக்டும் அப்படித்தான் கரைச்சல் தந்தது. ரிசோல்வ் அதைத் தன் சொந்த லைப்ரரியில் வைக்கிறது, உங்கள் ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. ஒருவர் வேலை முடித்ததும் டிஆர்பி (.drp) என்ற புரொஜெக்ட் ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணித் திகதி போட்டு அனுப்புவார், மற்றவர் அதைத் திறந்து தொடருவார். ஒரே நேரத்தில் இருவரும் கை வைத்தால் யாருடையதோ ஒன்று வீண்.

கடைசி எக்ஸ்போர்ட்டை ஒரிஜினல்கள் உள்ள கணினியில்தான் செய்யுங்கள். டெலிவர் பக்கத்தில் ‘யூஸ் பிராக்ஸி மீடியா’வில் டிக் இருந்தால் அந்தக் கால் பங்குப் படம்தான் வெளியே வரும்.

வாய்மொழியில் சேர் கேட்ட முதல் கேள்வி, ஆப்டிமைஸ்ட் மீடியாவுக்கும் பிராக்ஸிக்கும் என்ன வித்தியாசம். இரண்டுமே எடிட்டிங் லேசாக ஓடச் செய்யும் பிரதிகள்தான்; ஆனால் முதலாவது ரிசோல்வின் கேச்சோடு கட்டுண்டது, வேறு கணினிக்கு லேசில் கொண்டுபோக முடியாது. பிராக்ஸி தனி ஃபைல், பென் டிரைவில் போகும் என்றேன். “சரி, காட்டுங்கோ” என்றார். அந்த அறையில் இன்டர்நெட் இல்லை. பென் டிரைவைக் குத்தி, பிராக்ஸிகளை ரீலிங்க் பண்ணி (கிளிப்களோடு மறுபடி இணைத்து) ஓட விட்டேன். அவர் வேண்டுமென்றே ‘டிஸேபிள் ஆல் பிராக்ஸிஸ்’ஐ அழுத்தினார்; ஒரிஜினல்கள் அங்கே இல்லை, திரை சிவந்தது. திருப்பிப் பிராக்ஸிக்கு மாற்றினேன். மான் மறுபடி புல் மேயத் தொடங்கியது.