பேஸ் கிளாஸ் தலையில் எழுதுவது

மார்ச் 3, செவ்வாய்
புது சர்வீஸில் கண்ட்ரோலர்கள் (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கையாளும் கிளாஸ்கள்) கூடிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றின் தலையிலும் அதே மூன்று அட்ரிபியூட்கள், அதாவது கிளாஸின் மேல் எழுதும் குறிப்புகள்: இது வெப் ஏபிஐ என்று சொல்லும் ஏபிஐ கண்ட்ரோலர், அனுமதி உள்ளவரை மட்டும் உள்ளே விடும் ஆத்தரைஸ், முகவரியைச் சொல்லும் ரூட். மூன்றையும் ஒரு பேஸ் கிளாஸுக்கு (மற்ற கிளாஸ்கள் வாரிசாக வரும் மூல கிளாஸ்) மாற்றிவிட்டேன். நாங்கள் பயன்படுத்தும் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோரில் மூன்றுமே வாரிசு கிளாஸ்களுக்குக் கீழே இறங்கும். ரூட்டில் கண்ட்ரோலர் பெயருக்கான டோக்கனை வைத்தால், அந்தந்த கிளாஸின் பெயர் அங்கே வந்துவிடும். இனி புதிதாக ஒருவர் கண்ட்ரோலர் எழுதும்போது ஆத்தரைஸை மறந்தாலும் கதவு பூட்டியே இருக்கும். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

மார்ச் 4, புதன்
டபிள்யூசிஎஃப் என்ற பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய சர்வீஸிலும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். முடியாது. ஓர் அட்ரிபியூட் வாரிசுக்குப் போகுமா என்பதை அதை உருவாக்கியவர் அட்ரிபியூட் யூசேஜ் என்ற குறிப்பில் தீர்மானிக்கிறார். அதிலுள்ள இன்ஹெரிட்டட் என்பதைக் குறிப்பிடாவிட்டால் ‘ட்ரூ’, அதாவது போகும். அந்தச் சர்வீஸில் உள்ள சர்வீஸ் கான்ட்ராக்ட், டேட்டா கான்ட்ராக்ட் அட்ரிபியூட்கள் இரண்டிலும் ‘ஃபால்ஸ்’ என்றே வைத்திருக்கிறார்கள். அதனால் டிரைவ்டு (வாரிசு) கிளாஸிலும் டேட்டா கான்ட்ராக்டைத் திரும்ப எழுத வேண்டும். இது சரியான முடிவு என்பேன். வெளியே போகும் தரவின் வடிவத்தை அந்தந்த கிளாஸே வாய்விட்டுச் சொல்லட்டும்.

மார்ச் 6, வெள்ளி
இன்று பாதுகாப்பு. ஆத்தரைஸை ஒன்றுக்கு மேல் போடலாம்; கீழே எழுதியது மேலே உள்ளதை அழிக்காது, அதோடு சேர்ந்துகொள்ளும். பேஸ் கிளாஸில் ‘அட்மின்’, டிரைவ்டு கிளாஸில் ‘எடிட்டர்’ என்றிருந்தால் இரண்டு ரோலும் உள்ளவர் மட்டுமே உள்ளே வர முடியும். ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய.

இதைவிட மோசமானது அலவ் அனானிமஸ், யார் என்று கேட்காமலே உள்ளே விடும் அட்ரிபியூட். அதுவும் வாரிசுக்குப் போகும், ஆத்தரைஸை முழுக்கச் செல்லாமலும் ஆக்கிவிடும். பேஸ் கிளாஸில் அது இருந்தால், கீழே எத்தனை ஆத்தரைஸ் எழுதினாலும் கதவு திறந்தேதான் கிடக்கும். எர்ரர் எதுவும் வராது. சோர்ஸ் கோடைப் படிக்கிறவருக்கோ பூட்டியிருப்பதாகவே தோன்றும். பேஸ் கிளாஸில் இதை யாரும் எழுதவே கூடாது, எந்தக் காரணத்துக்காகவும்.

மார்ச் 9, திங்கள்
ரிஃப்ளெக்‌ஷன் (புரோகிராம் தன் கிளாஸ்களையே ஆராயும் வசதி) வழியாக எல்லா கண்ட்ரோலர்களையும் அலசும் ஒரு டெஸ்ட் எழுதினேன். கிளாஸ்களின் அட்ரிபியூட்களைத் தேடும்போது இன்ஹெரிட் ‘ட்ரூ’ என்று கொடுத்தால் பேஸ் கிளாஸ் வரை ஏறிப் பார்க்கும். இன்டர்ஃபேஸ் மேல் எழுதியதைப் பார்க்காது. அப்புறம், கண்ட்ரோலருக்குள் கோரிக்கைக்குப் பதில் தரும் ஆக்‌ஷன் மெத்தட்களையும் தனியாகப் பார்க்க வேண்டும். திறந்திருக்க அனுமதித்தவற்றின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. அதில் இல்லாத எதன் மேலாவது அலவ் அனானிமஸ் தென்பட்டால் பில்டு நின்றுவிடும்.