சிறப்புக் கல்வி படிக்கும் முன் பார்க்க வேண்டியவை

சிறப்புக் கல்வி ஆசிரியராக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரியைத் தேடித்தான் தொடங்குகிறார்கள். முதலில் தேட வேண்டியது அங்கீகாரத்தை. ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்கிறது 1992-ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல. இந்தப் படிப்பு, இந்தக் குறைபாட்டுப் பிரிவு, இந்தக் கல்வியாண்டு, இத்தனை இடங்கள் என்று தனித்தனியாகத் தரப்படுவது. "எங்களுக்கு ஆர்சிஐ அப்ரூவல் இருக்கு" என்று சொல்லும் இடத்தில் செவித்திறன் பிரிவுக்கு மட்டும் அனுமதி இருக்கலாம். நீங்கள் சேர்வதோ ஆட்டிசம் பிரிவாக இருக்கலாம். எனவே ஆர்சிஐ இணையதளப் பட்டியலில் நிறுவனம், பிரிவு, நீங்கள் சேரும் ஆண்டு மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுமதி காலாவதியான ஆண்டில் சேர்ந்தால், படித்து முடித்த பிறகு பதிவு எண் கிடைக்காமல் மாட்டிக்கொள்வீர்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 2 ஆண்டு டி.எட். சிறப்புக் கல்வி டிப்ளமோ. 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டதாரிகளுக்கு பி.எட். சிறப்புக் கல்வி. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பி.எட். படிப்புகளின் அமைப்பு மாறிவருவதால், சீனியர்கள் சொல்வதை விட்டுவிட்டு அந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். சமூகம் சார்ந்த உள்ளடக்கிய வளர்ச்சிக்கான 6 மாத சிபிஐடி படிப்பும் ஆர்சிஐ படிப்புதான். ஆனால் அது சமூகக் களப்பணிக்கானது, ஆசிரியர் தகுதி ஆகாது. வகுப்பில் ஒரு குழந்தையின் கூடவே இருந்து உதவுவதற்கான வார இறுதி 'ஷேடோ டீச்சர்' ஆன்லைன் வகுப்புகளும் அப்படியே: கற்றுக்கொள்ள உதவலாம், பதிவுக்கு உதவாது.

அடுத்தது பிரிவு. விண்ணப்பப் படிவத்தில் கைக்கு வந்த கட்டத்தில் டிக் அடிக்கிற விஷயமல்ல இது. பதிவேட்டில் உங்கள் பெயரோடு பிரிவும் சேர்ந்தே ஏறும். பிறகு மாற வேண்டுமென்றால் இன்னொரு படிப்புதான். பார்வைத்திறன் பிரிவில் பிரெய்லி (சிலேட்டில் எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும்), கணக்குக்கு டெய்லர் சட்டம் என்ற துளைப் பலகை, அபாகஸ், வெள்ளைக்கோல் நடைப்பயிற்சி. செவித்திறன் பிரிவில் ஆடியோகிராம் (கேட்கும் திறன் வரைபடம்) படிக்கவும், தினமும் காலையில் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிக் காதொலிக் கருவியைச் சோதிக்கவும் தெரிய வேண்டும். அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் ஒரு செயலைச் சிறு படிகளாக உடைப்பதுதான் அன்றாட வேலை: பல் துலக்குவதைப் பத்துப் படிகளாக்கி, குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று குறிப்பது. குழந்தையின் அன்றாடத் திறன்களை அளக்கச் சென்னையில் உருவான எம்டிபிஎஸ் மதிப்பீட்டில் 18 பகுதிகள், பகுதிக்கு 20 என 360 கேள்விகள் உண்டு. தனிநபர் கல்வித் திட்டத்தை அதை வைத்தே எழுதலாம். பொறுமை போதும் என்று நினைத்து வருகிறவர்கள் இந்த எழுத்துவேலையில்தான் திணறுகிறார்கள். அருகிலுள்ள சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டு, ஒரு வாரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பிரிவு என்பது அங்கே தெளிவாகிவிடும்.

தமிழ்நாட்டில் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள்: முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு நிறுவனமான நிப்மெட், கோவையில் ராமகிருஷ்ணா மிஷன் வளாகம், அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம், திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி, தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். தொலைநிலையில் பி.எட். தேடுவோர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம். செய்முறைக்கு மையத்துக்குப் போயே ஆக வேண்டும். வேலையில் இருப்பவர்கள் விடுப்பை இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

வேலை? தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், உயர் தொடக்க வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. நடைமுறை இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் பலர் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

படிப்பு முடிந்ததும் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். நம் ஊரில் இன்ஷியல்தான் பெரிய வம்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், ஆதாரில் பின்னால், டிப்ளமோவில் விரிவாக என்று மூன்று விதமாக இருந்தால், சேரும்போதே சரிசெய்யுங்கள். பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்சிஐ அங்கீகரித்த தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்ட புள்ளிகள் தேவை. கடைசி ஆண்டில் மொத்தமாகச் சேர்க்க ஓடாமல் ஆண்டுதோறும் ஒன்றிரண்டு முடித்து, சான்றிதழ்களை ஒரே கோப்பில் வையுங்கள்.