கொலுவில் ஓத்தானி

2024 நவராத்திரிக்கு எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக் கொலுவில் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் நட்சத்திரம் ஷோஹெய் ஓத்தானியும் இருந்தார், கையில் தன் வளர்ப்பு நாயுடன். ஆகஸ்ட் 28 அன்று டாட்ஜர் மைதானத்தில், முதலில் வந்த 40,000 பேருக்குக் கொடுத்த தலையாட்டி பொம்மை அது. அன்று சம்பிரதாயமான முதல் பந்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து ஓத்தானியிடம் கொடுத்ததும் அதே நாய்தான். பிறகு ஓத்தானி அடித்த ஹோம் ரன்னெல்லாம் என் மகனுக்குப் பொருட்டில்லை. பொம்மை உடையாமல் வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

முழு ஆட்டம் ஒன்றை அவன் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. பேஸ்பால் என்றால் அவனுக்கு வீடியோ கேம், இன்ஸ்டாகிராம், பல் துலக்கும் முன் ஆடும் ‘இம்மாகுலேட் கிரிட்’ என்ற இணையப் புதிர். ஒன்பது கட்டங்கள், குறிப்பிட்ட இரண்டு அணிகளுக்கும் ஆடிய ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் எட்வின் ஜாக்சன். ஓயாமல் மாற்றல் உத்தரவு வாங்கும் தாசில்தார் போல 14 அணிகளில் ஆடியவர். ஆனால் ஊரே அவர் பெயரை எழுதுவதால் அதில் பெருமை இல்லையாம். யாருக்கும் நினைவில்லாத ஆளைச் சொன்னால்தான் மதிப்பு.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா பொம்மையின் தலையைத் தட்டிப் பார்த்தாள். “தலையாட்டிதானே, நம் ஊர்க்காரன்தான்” என்று செட்டியாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டாள். கிரிக்கெட் செட்டே கொலுவேறிய காலத்தில் யார் ஆட்சேபிப்பது? மகன் படம் எடுத்துப் போட்டான். “பக்கத்தில் இருக்கும் தொப்பைக்காரர் எந்த அணியின் கேட்சர்?” என்று யாரோ கேட்டிருந்தார். “14 அணிகளுக்கும் ஆடியவர்” என்று பதில் போட்டான்.

சுண்டலுக்கு வந்த மாமிகள் பாட உட்கார்ந்தார்கள். ஒரு மாமி தொடையில் தாளம் போட, மரத்தரை அதிர்ந்து, ஓத்தானி தலையாட்டத் தொடங்கினார். சுருதி விலகியபோதும் ஆட்டினார். அப்படியொரு ரசிகர் எந்தச் சபாவிலும் அகப்பட மாட்டார்.

இதற்கிடையில் ஐந்து ஆட்டத் தொடரில் சான் டியேகோ பாட்ரெஸ் அணியிடம் டாட்ஜர்ஸ் இரண்டு ஆட்டம் தோற்று 2-1 என்று பின்தங்கியது. இன்னொன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கீழ்ப்படியில் நிற்க வைத்ததுதான் காரணம் என்று மகன் தீர்மானித்து, யாரும் பார்க்காத நேரத்தில் ஓத்தானியைத் தசாவதாரப் படிக்கு ஏற்றிவிட்டான். அடுத்த ஆட்டத்தில் டாட்ஜர்ஸுக்கு 8-0 வெற்றி. அக்டோபர் 11 அன்று கடைசி ஆட்டத்திலும் வெற்றி, 2-0. மச்சாவதாரத்தின் பக்கத்தில் நாயுடன் நின்றவரை அம்மா அதற்குள் பார்த்துவிட்டாள். ஆனால் ஜெயிக்கிற நேரத்தில் இடம் மாற்றக் கூடாது என்று அவளே தடுத்துவிட்டாள்.

விஜயதசமி இரவு சம்பிரதாயத்துக்கு ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். மறுநாள் நியூயார்க் மெட்ஸுடன் அடுத்த தொடர் தொடங்குகிறது. மகன் கொலுவின் முன் காவல் நின்றான்.

“தள்ளிக்கொள்ளடா” என்று அவனை விலக்கிவிட்டு, அம்மா செட்டியாரை எடுத்துச் சாய்த்தாள். “இவர் தூங்கட்டும். அந்தப் பையனுக்கு நாளைக்கு ஆட்டம் இருக்கிறது.”