அம்மாவின் மசாலாத் தூளுக்கு வணிகச் சின்னம் பதிவு செய்த அனுபவம்

2018-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், அம்மாவிடம் பல ஆண்டுகளாக மீன் குழம்புத் தூள் வாங்கும் அக்கா ஒருவர், பிரித்த பாக்கெட்டைக் கொண்டுவந்து, "என்னம்மா, இந்தத் தடவை தூளு மக்கிப்போன வாடை அடிக்குது" என்று வருத்தத்தோடு சொன்னார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அதை என் கையில் கொடுத்தார். அதே மஞ்சள் உறை, அதே சிவப்பு எழுத்து, நடுவில் அதே கட்டுமரம். எங்கள் கட்டுமரம் இடப்பக்கம் போகும். அதில் வலப்பக்கம் போனது. அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தது.

தண்டையார்பேட்டையில் வீட்டோடு நடக்கும் தொழில் எங்களுடையது. குண்டு மிளகாயையும் மல்லியையும் மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் அரைத்து, காசிமேட்டில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு அம்மா 1998 முதல் விற்றுவருகிறார். அருகிலுள்ள காவல் நிலையத்தில், பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். போலிச் சின்னம் இடுவதை 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதன் 115-ஆவது பிரிவின்படி, காவல் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம், அதற்கு முன் வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தையும் பெற வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பதிவு இல்லாதவரும் 27-ஆவது பிரிவின் துணையோடு, தம் சரக்கைப் போல விற்பவர் மீது சிவில் வழக்குப் போடலாம். அதற்கான செலவை எங்களால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

எனவே பதிவுக்கு ஒரு முகவரைப் பிடித்தோம். அவர் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற இடத்தில், இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று நிரப்பிவிட்டார். இருபது ஆண்டு உழைப்பு அந்த ஒரு கட்டத்தில் இல்லாமல் போனது. சின்னத்தை முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதுதான் இந்தச் சட்டத்தில் பல இடங்களில் தீர்ப்பை முடிவு செய்கிறது என்பதால், அது சிறிய பிழை அன்று. அதைத் திருத்தப் போராடுவதைவிட அந்த மனுவைத் திரும்பப் பெற்றுப் புதிதாகப் போடுவதே நல்லது என்று, 2021-இல் நாங்கள் அணுகிய வழக்கறிஞர் சொன்னார்.

இரண்டாவது முறை ஒவ்வொரு கட்டத்தையும் நானே படித்தேன். தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலாத் தூள் 30-ஆவது வகுப்பு, அம்மா செய்யும் கருவாட்டுத் தொக்கு 29-ஆவது வகுப்பு என்பதால் இரண்டு கட்டணம். உறையில் இருப்பது தமிழ் எழுத்து என்பதால், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித் தர வேண்டியிருந்தது. சென்னையில் இருந்துகொண்டு, தமிழில் இருக்கும் அம்மாவின் பெயருக்கு நான் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியது இன்னும் மனதை உறுத்துகிறது.

உண்மையான பாடு சான்றுகளைத் தேடியதில்தான் இருந்தது. 1998 முதல் பயன்படுத்துவதாகச் சொன்னால், பிரமாணப் பத்திரத்தோடு ஆதாரமும் வைக்க வேண்டும். ரொக்கத்துக்கு விற்று, துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி, மாலையில் அதைக் கிழித்துப் போடும் தொழிலில் ஆதாரம் எங்கிருந்து வரும்? பரண், டிரங்குப் பெட்டி, அரிசிப் பானைக்கு அடியில் விரித்த தாள் என்று மூன்று வாரம் தேடினோம். தங்கசாலையில் உறை அச்சடித்ததற்கு 2011-இல் கொடுத்த ரொக்கச் சீட்டின் கார்பன் நகல் ஒன்று கிடைத்தது. எழுத்து பாதி அழிந்திருந்தாலும் தேதியும் '2,000 கவர்' என்பதும் தெரிந்தன. அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் புத்தகத்தில், 2006-ஆம் ஆண்டுப் பக்கத்தில், 'மசாலாத் தூள் வியாபாரம்' என்று எழுதி வங்கி முத்திரை விழுந்திருந்தது. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளுக்கு அம்மாவின் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட இந்தச் சட்டம், எல்லா வியாபாரிக்கும் பில் புத்தகம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டிருக்கிறது. பில் புத்தகம் இல்லாத பெண்கள்தான் எங்கள் பகுதியில் பாதிச் சமையலறைகளுக்குத் தூள் அரைக்கிறார்கள்.

பதிவு அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை ஆட்சேபணையோடு வந்தது. 'காசிமேடு' ஊர்ப்பெயர், 'மீன் மசாலா' சரக்கின் வர்ணனை. 9-ஆவது பிரிவின்படி இவற்றை ஒருவருக்கே தர முடியாது. இதில் சட்டத்தின் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன். அந்தச் சொற்கள் காசிமேட்டில் விற்கும் எல்லோருக்கும் உரியவை. அம்மாவின் பெயரும் கட்டுமரப் படமும் சேர்ந்த முழு உறையைத்தான் கேட்கிறோம் என்று, முப்பது நாளுக்குள் பதில் போட்டோம். விசாரணை 2023-இல் காணொளி வழியாக நடந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ ஏறி கிண்டியிலுள்ள பதிவு அலுவலகத்துக்குப் போகத் தயாராக இருந்த அம்மா, நல்ல புடவை உடுத்திக்கொண்டு என் கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஏற்பு கிடைத்ததும் சின்னம் பதிவு அலுவலகத்தின் வாராந்தர இதழில் வெளியானது. நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காததால் மசாலாத் தூளுக்கான சான்றிதழ் 2024-இல் வந்தது. மனுத் தேதியிலிருந்து பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். சான்றிதழ் வரும்வரை, பதிவான சின்னம் என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தை அச்சிட நான் அனுமதிக்கவில்லை. பதிவாகும் முன் அதைப் போடுவதும் அப்போது குற்றமாக இருந்தது. சான்றிதழ் நகலோடு வழக்கறிஞர் கடிதம் போன பிறகு, அந்த வலப்பக்கக் கட்டுமரம் கடைகளிலிருந்து மறைந்தது.

தொக்கு மட்டும் முடியவில்லை. படகுப் படம் தங்களுடையது என்று ஒரு பெரிய நிறுவனம் எதிர்ப்பு மனு போட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் பதிலுரை தராவிட்டால் மனு கைவிடப்பட்டதாகிவிடும் என்பதால், 2,700 ரூபாய் கட்டி உரிய காலத்தில் தந்துவிட்டோம். அடுத்தது சான்றுகள் தாக்கல் செய்யும் கட்டம். அந்தக் கார்பன் நகலைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கடன் புத்தகத்தோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.