அப்பாவின் கடிதங்கள்

ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழித்தபோது, 2002-ல் பதிந்து வைத்த சிடி ஒன்று கிடைத்தது. அப்பா கணினியில் தட்டச்சு செய்த கடிதங்கள். திறந்தால் புள்ளியும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிவரியாக. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. நெஞ்சு பதறிப்போனது.

அப்புறம்தான் உறைத்தது, இது திஸ்கி. இன்று எங்கும் புழங்கும் யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் புழங்கிய குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறை. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால், ஆக மூன்று குறிகள். யூனிகோடில் க முதலில், அதன் பின் ஒகரக் குறி, இரண்டோடு சரி. அதனால் மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் தூக்கி, மெய்க்குப் பின்னால் வைக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகள் இதை நொடியில் செய்துவிடுகின்றன.

முதல் கடிதத்தை ஒட்டினேன். "சாப்பிட்டாயா? மழைக்கு முன் கூரையைப் பார்த்துவிடு" என்று அப்பா கேட்டிருந்தார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை வாசி என்றாள்.

உங்களிடமும் இப்படிப் பழைய கோப்புகள் இருக்கலாம், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் ஒரு காலத்தில் திஸ்கியில் நூல்களை வெளியிட்டது. இப்போது அவற்றை யூனிகோடில் படிக்கலாம். போய்ப் பாருங்கள், சங்க இலக்கியமே இலவசமாக இருக்கிறது.

சிடியில் இன்னும் பதினோரு கடிதங்கள் பாக்கி. ராத்திரி உட்கார வேண்டும்.